ஒருத்திக்கு மட்டும்

டாக்டர் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியபோது, ஜன்னல் கண்ணாடி வெட்டி மாட்டும் கண்ணாடிக்காரனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு தலை, அதற்குள் வளைவும் நெளிவுமாக ஏதேதோ. ஒரு வயதுகூட நிரம்பாத தன் குழந்தைகளின் தலைக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மடியில் பெரியவள் அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைக்கப் பார்த்தாள். சின்னவள் மனைவியின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். பெரியவள், சின்னவள் என்பதெல்லாம் சில நிமிட வித்தியாசம்தான். ஆனாலும் பிறந்த அன்றே அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

“இது பெரியவளோடது.” டாக்டர் பேனா முனையால் தொட்டார். “நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கு பாருங்க, அதான் உள்காது. நல்லா உருவாயிருக்கு. அங்கேர்ந்து மூளைக்குப் போற நரம்பும் இருக்கு. ஆப்பரேஷன் பண்ணலாம்.” பேனா அடுத்த படத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. “இது சின்னவளோடது. நத்தை ஓடு இருக்கு. நரம்பு இல்ல.”

“மெலிசா இருக்கா டாக்டர்?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லம்மா. நரம்பே இல்ல. ரெண்டு பக்கமும்.”

பிறந்த ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனையில் இரண்டு பேருமே தேறவில்லை. காதில் நீர் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் நர்ஸ். சரியாகவில்லை. கதவு அறைந்து சாத்தினாலும், வீட்டை ஒட்டிய கடையில் கண்ணாடி விழுந்து நொறுங்கினாலும் இரண்டு பேரும் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். காதுக் கருவி மாட்டி மாதக்கணக்கில் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் படங்கள்.

டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். உள்ளே வைக்கும் கருவி சத்தத்தை மின்சாரமாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும். வாங்கிக்கொள்ள நரம்பு இல்லையென்றால் கருவி இருந்தும் பிரயோஜனம் இல்லை. “நேரா மூளைத் தண்டுல வைக்கற கருவி ஒண்ணு இருக்கு. ரொம்பக் கொஞ்ச இடத்துலதான் பண்றாங்க. எவ்வளவு கேக்கும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. இல்லாத ஆசையக் காட்ட எனக்கு இஷ்டமில்ல. பெரியவளுக்கு மட்டும் தள்ளிப் போடாதீங்க. பேச்சு மனசுல பதியற வயசு இது. போனா திரும்ப வராது.”

கண்ணாடிக்காரனுக்குப் பேச்சு குறைவு. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டி மாட்டுவது தொழில். அளவு கேட்பான், அளவு சொல்வான், அவ்வளவுதான் அவன் பேச்சு. மருந்துக் கடையில் வேலை பார்த்த அவன் மனைவி அதற்கு நேர்மாறு. காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவர் தன் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டுப் போகிற அளவுக்கு வாய் ராசி. அப்படிப்பட்டவள் அன்று வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. வேனை நிறுத்தியதும் சொன்னாள்.

“ஒருத்திக்கு மட்டும்னா வேணாம்.”

வேணாம் என்பது அவள் களைப்பில் சொல்வது, காலையில் மாறும் என்று அவன் நினைத்தான். மாறவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை அவள் எடுக்கவில்லை.

அவள் தம்பி டாக்ஸி ஓட்டுபவன். மதியம் சவாரி இல்லாத நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். அவன் தன் பங்குக்குப் பேசிப் பார்த்தான். “அக்கா, ரெண்டு டயர் பஞ்சர்னு வச்சுக்க. ஒண்ணுக்குத்தான் ஒட்டுப் போட முடியும்னா, ரெண்டையும் அப்படியே விட்டுடுவியா?”

“என் பொண்ணுங்க டயரா?”

“ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

“சரி, பேச்சுக்கே கேக்கறேன். ஒரு டயர்ல வண்டி ஓடுமா?”

தம்பி தட்டைப் பார்த்தான். “என்னை விடு. மாமா, நீங்க சொல்லுங்க.”

கண்ணாடிக்காரன் கை கழுவப் போய்விட்டான்.

ஆனால் அன்று சாயங்காலம், குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது அவன்தான் பேச்சை எடுத்தான். ஒருத்திக்கு அவன் தண்ணீர் ஊற்றினான், மற்றவளை அவள் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குச் சின்னவ கேட்டா என்ன பதில் சொல்றதுன்னுதானே பயப்படற?”

“ஆமா. ரெண்டும் ஒரே வயித்துல ஒண்ணா இருந்ததுங்க. இவளுக்கு மட்டும் ஏன் பண்ணீங்கன்னு கேட்டா?”

“பெரியவ கேட்டா?”

அவள் துண்டை நிறுத்தினாள்.

“உனக்கு முடிஞ்சிருக்கும், ஆனா உன் தங்கச்சிக்காகப் பண்ணாம விட்டுட்டோம்னு இவகிட்ட சொல்வியா? அதைக் கேட்டதுக்கப்புறம் இவ அவளை எப்படிப் பார்ப்பா?”

அவள் அழுதாளா, முகத்தில் பட்டது குளிப்பாட்டிய தண்ணீரா என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

ஆப்பரேஷன் அன்று சின்னவளைத் தம்பி தன் வீட்டில் வைத்துக்கொண்டான். பெரியவளை உள்ளே கொண்டுபோகும்போது அவள் பசியில் கத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கதவு மூடியதும் கத்தல் பாதியில் அறுந்தது.

கண்ணாடிக்காரன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்தான். அதில் இருந்த சின்னக் கண்ணாடியை யாரோ அளவு குறைவாக வெட்டியிருந்தார்கள். இடைவெளியைப் பசை போட்டு அடைத்து, அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் எலும்பைத் துளையிடுவார்கள், அந்த வழியாக முடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியை நத்தை ஓட்டுக்குள் சுருட்டிச் செலுத்துவார்கள், பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் நரம்பு போகிறது, அதைத் தொட்டுவிடாமல் போக வேண்டும். டாக்டர் படம் போட்டுக் காட்டியது அத்தனையும் ஞாபகத்துக்கு வந்தது. அதை நினைக்காமல் இருக்க அவன் பசையை நினைத்தான். தான் செய்திருந்தால் சட்டத்தைக் கழற்றி, புது அளவு எடுத்திருப்பான். மனைவி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவேயில்லை.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். “முழுசா உள்ள போயிடுச்சு. அங்கேயே டெஸ்ட் பண்ணிட்டோம். நரம்பு பதில் சொல்லுது. முகமும் நல்லா இருக்கு. முழிச்சதும் அழுவா, பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோணும்.”

அப்படியே கோணியது. மனைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

புண் ஆற விட்டு, பிறகு ஒரு நாள் வரச் சொன்னார்கள். அன்றுதான் வெளிக் கருவியை மாட்டிச் சத்தத்தைத் திறந்துவிடும் நாள். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி. அதிலிருந்து வயர் போய், காசு அளவில் ஒரு வட்டம். வட்டத்திலும் காந்தம், தோலுக்கு அடியிலும் காந்தம், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தம்பி டாக்ஸியை ஓரம் கட்டிவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். இந்த மாதிரி வீடியோ நிறையப் பார்த்திருக்கிறானாம். அம்மா கூப்பிட்டதும் குழந்தை கண்ணை விரித்துச் சிரிக்குமாம்.

கருவியைச் சரிசெய்யும் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவள் ஒரு ரப்பர் வளையத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கடிப்பது நின்றது. கண் மேலே போனது. “அம்மாடி,” என்று மனைவி கூப்பிட்டாள். பெரியவளின் கீழுதடு பிதுங்கியது. பிறகு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“நான் என்ன பண்ணேன்?” என்று தம்பி போனை இறக்கினான்.

“அழறதும் நல்லதுதான்,” என்றாள் அந்தப் பெண். “இத்தனை நாள் இல்லாதது ஒண்ணு தலைக்குள்ள வந்தா நீங்க சிரிப்பீங்களா?”

அக்கா அழுவதைப் பார்த்து, மாமன் இடுப்பில் இருந்த சின்னவளும் அழுதாள். இரண்டு குரலும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. இப்போது அறையில் அந்த இரண்டு அழுகையும் கேட்பவர்களில் பெரியவளும் ஒருத்தி என்று கண்ணாடிக்காரனுக்குத் தோன்றியது.

வீட்டில் அந்த வட்டம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பெரியவள் பிடுங்கிப் போடுவாள். கட்டில் காலில் ஒட்டியிருக்கும், இரும்பு அலமாரியில் ஒட்டியிருக்கும், ஒருமுறை மாமன் டாக்ஸியின் கதவில் ஒட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. ஒரு நாள் அது சின்னவள் கையில் அகப்பட்டது. அக்கா தலையில் மாட்டுவதைத் தினமும் பார்த்தவள் ஆயிற்றே, தன் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை, ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவளே சிரித்தாள். மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் வட்டத்தை எடுத்துப் பெரியவளுக்கு மாட்டிவிட்டு, சின்னவளைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனான்.

பேச்சுப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி கொடுக்கும் டீச்சர் கண்டிப்பானவள். பெரியவளிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் காதால் கேட்டுத்தான் அவள் புரிந்துகொள்ள வேண்டும், கையைக் காட்டி ஜாடை பண்ணினால் காதுக்குச் சோம்பல் வந்துவிடும் என்றாள். மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அம்மா கதவைத் திறக்கறேன், அம்மா வெங்காயம் உரிக்கறேன், அம்மாவுக்குக் கண்ணு எரியுது என்று விடிந்ததிலிருந்து பேச்சு ஓயாது. “வீட்டுக்குள்ள கிரிக்கெட் கமென்டரி ஓடற மாதிரி இருக்கு,” என்றான் தம்பி. அம்மா என்ற சொல்லுக்காக அவள் மாதக்கணக்கில் காத்திருந்தாள். பெரியவள் தெளிவாகச் சொன்ன முதல் சொல் ‘வேணாம்’. போட்டுவிட்ட சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொன்னாள். மனைவி சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், தம்பிக்குப் போன் போட்டாள். “என் அக்கா பொண்ணுதான், சந்தேகமே இல்ல,” என்றான் அவன்.

சின்னவளுக்கு என்ன வழி என்று டாக்டரிடம் கேட்டபோது, சைகை மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பின் முகவரியைக் கொடுத்தார். நடத்துபவள் காது கேளாத ஒரு பெண். மாடி அறை, தரை விரிப்பு, சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. பெற்றவர்களில் ஒருவராவது கூட உட்கார்ந்து கற்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அவன் போனான். முதல் நாள் எல்லார் முன்னாலும் கையை ஆட்டக் கூச்சமாக இருந்தது. சைகை டீச்சர் அவன் விரல்களைப் பிடித்து மடக்கிக் காட்டினாள். பழைய வெட்டுத் தழும்புகளைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று புருவத்தால் கேட்டாள். அவன் கண்ணாடி வெட்டுவதை நடித்துக் காட்டினான். அதற்கு ஒரு சைகை இருந்தது. அதுதான் அவன் கற்றுக்கொண்ட முதல் சொல்.

போகப் போக அவனுக்கே ஆச்சரியம். வாயால் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசாதவன் சின்னவளிடம் கையால் கதை சொன்னான். எந்த வீட்டு நாய் துரத்தியது, எந்த வீட்டு அம்மாள் ஜன்னல் அளவைத் தப்பாகச் சொன்னாள் என்பதெல்லாம் சொன்னான். ஆனால் கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் சொன்னான். வீட்டுக்குள் மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

“பெரியவ முன்னாடி கையாட்டாதீங்க. அவ பேச்சு கெட்டுடும்.”

“ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல தூங்கறாளுங்க. அவளுங்களுக்குள்ள ஆட்டாம இருப்பாளுங்களா?”

“அதையும் நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்ள முடியவில்லை. கடைப் பின்னறையின் கதவருகில் பெரியவள் வந்து நிற்பாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கதவு இடுக்கில் பார்த்துக் கற்றுக்கொண்டு, கட்டிலில் தங்கையிடம் செய்து பார்ப்பாள்.

மூன்று வயது தாண்டியபின் ஒரு நாள், பெரியவள் கருவியோடு துணி ஊற வைத்த வாளிக்குள் தலையை விட்டாள். எடுத்துத் துடைத்து, காய வைத்துப் பார்த்தார்கள். உயிர் வரவில்லை. மாற்றுக் கருவி வந்து சேர சில வாரம் ஆகும் என்றார்கள்.

மனைவி பழக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தாள். பெரியவள் முதல் நாள் அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். இரண்டாம் நாள் கோபப்பட்டு, அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள். அடுத்த நாள் பார்க்கவேயில்லை, நேராகக் கடைப் பின்னறைக்குப் போய்விட்டாள். அன்று கண்ணாடிக்காரன் கதவைச் சாத்தவில்லை.

மனைவி வாசலில் வந்து நின்றாள். உள்ளே மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் வயிற்றை முன்னால் தள்ளி, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, இன்னொரு கையால் வாய்க்குள் எதையோ அள்ளிப் போட்டாள்.

“என்ன சொல்லிச் சிரிக்கறீங்க?”

“உன் தம்பியாம்.”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அங்கே விரித்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “எனக்கும் சொல்லிக் குடுங்க,” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

“பெரியவ பேச்சு கெட்டுடும்னு சொன்னதெல்லாம் பாதிதான் நெஜம். நான் கத்துக்கிட்டா, சின்னவளுக்கு இனிமே அவ்வளவுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு இருந்துச்சு.”

“எனக்கும் முதல் நாள் மாடிப்படி ஏறும்போது அப்படித்தான் இருந்துச்சு.”

“நீங்க சொல்லவே இல்லையே.”

“நான் எதைச் சொல்லியிருக்கேன்?”

அவள் வேகமாகக் கற்றாள். பேச்சுக்காரி எந்த மொழியிலும் பேச்சுக்காரிதான். ஒரு வாரம் கழித்து ஒரு காலை, சின்னவள் பால் டம்ளரைத் தள்ளிவிட்டாள். தினமும் நடக்கும் கூத்துதான் அது. அழுவாள், அடம் பிடிப்பாள், பிடிவாதக்காரி என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அன்று அம்மா முதல்முறையாக, ஏன் என்று கையால் கேட்டாள். சின்னவள் கொஞ்சம் பிரமித்துப் போனாள். பிறகு டம்ளருக்குள் விரலை விட்டு, பாலாடையை எடுத்துத் தொங்கவிட்டுக் காட்டினாள். தொண்டையைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள். பால் பிடிக்கும், இது பிடிக்காது, தினமும் கொடுக்கிறாய் என்றாள்.

மனைவி வடிகட்டியை எடுத்து வந்தாள். வடிகட்டிய பாலைச் சின்னவள் ஒரே மூச்சில் குடித்தாள். மருந்துக் கடையில் ஊர்ப்பட்ட பேர் வியாதியைக் கேட்டுக்கொண்டவளுக்கு, தன் பெண்ணுக்குப் பாலாடை பிடிக்காது என்பதைத் தெரிந்துகொள்ள மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதை அவள் அன்று முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாற்றுக் கருவி வந்தது. பெரியவள் கொஞ்ச நாள் வேண்டா வெறுப்பாக மாட்டிக்கொண்டாள், பிறகு பழையபடி பேச்சில் விழுந்தாள். பயிற்சி டீச்சரிடம் மனைவி உள்ளதைச் சொன்னாள். டீச்சருக்குப் பிடிக்கவில்லை. “எங்க முறை வேற,” என்றாள். “இங்க வந்தா உங்க முறைதான் டீச்சர். வீட்ல ரெண்டும்,” என்றாள் மனைவி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் பயந்த கேள்வி ஐந்தாம் வயதில் வந்தது. எனக்கு ஏன் தலையில் ஒட்டவில்லை என்று சின்னவள் அம்மாவிடமே கேட்டாள். நரம்புக்கு என்ன சைகை என்று அம்மாவுக்குத் தெரியாது. காதிலிருந்து தலைக்குள் ஒரு நூல் இழுப்பதுபோல் காட்டினாள். அக்காவுக்கு இந்த நூல் இருக்கு, உனக்கு இல்ல.

எங்க போச்சு?

வரவே இல்ல.

அப்பாவுக்கு இருக்கா? இருக்கு. மாமாவுக்கு? இருக்கு. சின்னவள் சுற்றிலும் பார்த்தாள். கடை வாசலில் பூனை படுத்திருந்தது. அதுக்கு?

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, இருக்கு என்றான்.

அதுவரை அழாதவள் அதற்கு அழுதாள். பூனைக்குக்கூட இருக்கிறதே என்று கையால் சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டாள். பெரியவள் எழுந்து போய்ப் பூனையை விரட்டிவிட்டு வந்தாள். அடுத்த சில நாள் சின்னவள் அந்தப் பூனை முகத்தில் விழிக்கவில்லை. பிறகு மறந்தாள். இனியும் கேட்பாள், வேறு வயதில் வேறு மாதிரி கேட்பாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போது இரண்டு பேரும் இரண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். காலையில் வேனில் அவன் ஒருத்தியை வடக்கே விட்டுவிட்டு, மற்றவளைத் தெற்கே விடுகிறான். சாயங்காலம் மாமன் கூட்டிவருகிறான். அவனுக்கும் ஏழெட்டுச் சைகை தெரியும். அதில் பாதி தின்கிற சமாச்சாரம். திட்டு விழும்போது பெரியவள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறாள். வட்டத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். அம்மா விடாமல் கையால் திட்டுகிறாள். உடனே பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், பக்கத்தில் நிற்கும் சின்னவளும் துணைக்கு மூடிக்கொள்கிறாள். அந்த நேரத்தில் கண்ணாடிக்காரன் அளவு எடுக்கப் போவதுபோல டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான்.